நம்ம டீமுல நம்ம பசங்க எத்தனை பேரு?

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுக்கறேன். நான் கிரிக்கெட் வீரனும் இல்ல, சங்கத்துல பதவி கேக்கற ஆளும் இல்ல. லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்துல டென்னிஸ் பால் மேட்ச்ல பதினோராவது ஆளா இறங்கி, முதல் பந்துலயே ஸ்டம்பை பறிகொடுத்த அனுபவம் மட்டும்தான் கைவசம். அதனால "நீ என்ன பெரிய இவனா?"ன்னு கேக்கணும்னு நினைக்கறவங்க வரிசைல வரலாம் :-)

வெளியூர்ல போய் "நமக்குப் பாண்டிங்க"ன்னு சொல்லிப் பாருங்க. எதிராளி முகத்துல ஒரு சிரிப்பு வரும். அடுத்த கேள்வி சரக்கு விலையா இருக்கும், இல்லன்னா பீச் ரோடுல ரூம் கிடைக்குமான்னு இருக்கும். நாப்பது வயசு வரைக்கும் இதுக்கே பதில் சொல்லி ஓஞ்சு போனவன் நான். அப்படிப்பட்டவனுக்கு 2024 ஜனவரில ஒரு பொன்னாள் வந்துச்சு. ரஞ்சி டிராபில புதுச்சேரி அணி டெல்லியை, டெல்லியோட சொந்த மைதானத்துல, 9 விக்கெட் வித்தியாசத்துல ஜெயிச்சுடுச்சு. ஏழு தடவை ரஞ்சி கோப்பை வாங்கின டெல்லி! கவுரவ் யாதவ் முதல் இன்னிங்ஸ்ல மட்டும 49 ரன் குடுத்து 7 விக்கெட்.

அன்னிக்கு சாயந்திரம் நம்ம வழக்கமான டீக்கடைல நான் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சம் இல்ல. "நாம ஜெயிச்சுட்டோம், நாம பிரிச்சுட்டோம்"னு ஒரே நாம, நாம. கடைக்கார அண்ணன் டீயை ஆத்திக்கிட்டே பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"தம்பி, அதுல நம்ம பசங்க எத்தனை பேரு?"

மொபைல்ல ஸ்கோர்கார்டை எடுத்தேன். மேலருந்து கீழ வரைக்கும் பாத்தேன். ஸ்கோர்கார்டுல பேரு இருக்கு, ரன்னு இருக்கு, ஓவர் இருக்கு. ஊரு இல்ல. யாரு முத்தியால்பேட்டை, யாரு வில்லியனூர், யாரு மும்பை, யாரு இந்தூர்னு அதுல எப்படிப் பாக்கறது? ஏழு விக்கெட் எடுத்த கவுரவ் யாதவ் மத்தியப் பிரதேசத்துலருந்து அந்த சீசனுக்கு வந்தவர்ங்கறது மட்டும் எனக்குத் தெரியும். டீ ஆறிப்போச்சு. அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் முன்கதை

2018-19 சீசன்ல ஒன்பது அணிகள் ரஞ்சிக்குள்ள வந்தாங்க. அதுல ஒண்ணு நாம. அதுக்கு முன்னாடி நம்ம ஊரு பையன் பெரிய அளவுல ஆடணும்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு சென்னை பஸ் ஏறறதுதான் வழி. திடீர்னு கதவு தொறந்தா என்ன ஆகும்? உள்ள இருக்கறவன் வெளில வர்றதுக்குள்ள வெளில இருக்கறவன் உள்ள வந்துடுவான். அதான் ஆச்சு.

அந்த வருஷம் செப்டம்பர்ல விஜய் ஹசாரே போட்டி தொடங்கின நேரத்துலயே நம்ம டீமுல எட்டு வெளியூர் ஆட்டக்காரங்க. முதல்ல ஓகே சொன்ன பிசிசிஐ, அப்புறம் எட்டு பேருக்கும் தகுதி இல்லன்னு நீக்கிடுச்சு. பதினோரு பேர் ஆடற ஆட்டத்துல எட்டு பேர் போனா மிச்சம் என்னங்க இருக்கும்? கல்யாண வீட்ல மாப்பிள்ளையும் சமையக்காரரும் ஒண்ணா கிளம்பிப் போன கதைதான். நம்ம அறிமுகமே இப்படி.

ஆனா ஒண்ணு, வந்தவங்க சாதாரண ஆளுங்க இல்ல. இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடின பங்கஜ் சிங் வந்தாரு. இமாச்சலத்துக்காக ரன்னைக் குவிச்ச பராஸ் டோக்ரா வந்தாரு. கர்நாடகாவுக்கு அடுத்தடுத்து ரெண்டு தடவை ரஞ்சி வாங்கிக் குடுத்த கேப்டன் வினய் குமார் 2019-20ல நமக்கு ஆடி 45 விக்கெட் எடுத்தாரு. அருண் கார்த்திக்கை மறந்திருக்க மாட்டீங்க. 2011 சாம்பியன்ஸ் லீக்ல பெங்களூருக்குக் கடைசிப் பந்துல சிக்ஸர் அடிச்சாரே, அவரேதான். அவரும் நம்ம தொப்பி போட்டாரு.

இதெல்லாம் எனக்குப் பெருமையா, வருத்தமான்னு கேட்டா ரெண்டும்தான்.

ரெண்டு கட்சி

டீக்கடைல இப்போ ரெண்டு கட்சி ஆயிடுச்சு.

முதல் கட்சி, "ஜெயிக்கணும் கட்சி". அவங்க வாதத்தை லேசா ஒதுக்கிட முடியாது. ரஞ்சில இப்போ 38 அணி. எலீட்ல 32, கீழ பிளேட்ல 6. எலீட்ல கடைசில வந்தா பிளேட்டுக்கு இறங்கணும். பிளேட்ல ஆட்டம் எப்படி இருக்கும்னு ஒரே ஒரு உதாரணம். 2024 நவம்பர்ல கோவா, அருணாசலப் பிரதேசத்துக்கு எதிரா 2 விக்கெட்டுக்கு 727. ஒரே இன்னிங்ஸ்ல ரெண்டு பேர் முச்சதம். பிரியாத ஜோடி 606 ரன். தோத்தது இன்னிங்ஸ் மற்றும் 551 ரன்ல. "நம்ம பசங்களை மட்டும் இறக்கினா நமக்கும் இதான் மச்சான் கதி. நல்ல பவுலரையே பாக்காம பையன் எப்படி நல்ல பேட்ஸ்மேன் ஆவான்?"ங்கறாங்க. நியாயம்தான்.

ரெண்டாவது கட்சி, "நம்ம பசங்க கட்சி". ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன, நம்ம பையன் தோக்கட்டும், அடுத்த வருஷம் கத்துக்குவான்னு சொல்றாங்க. கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா வருஷா வருஷம் 500 ரன்ல தோக்கற பையன் கிரிக்கெட் கத்துக்க மாட்டான், கூனிக்குறுகத்தான் கத்துக்குவான்.

நான் எந்தக் கட்சி? சொல்றேன்.

சட்டம் மூணு பேரைத் தாராளமா வரச் சொல்லுது

ஒரு சீசனுக்கு மூணு வெளிமாநில ஆட்டக்காரங்களை 'கெஸ்ட்'டா ஒரு அணி எடுத்துக்கலாம். இது ஒளிவுமறைவு இல்லாத வழி. இதுல எனக்கு ஒரு பிரச்னையும் இல்ல. சொல்லப்போனா ரொம்பப் பிடிக்கும். ராஜஸ்தான் கதையைப் பாருங்க. பிளேட்ல கிடந்த அணி. ஹிருஷிகேஷ் கனிட்கரையும் ஆகாஷ் சோப்ராவையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க. 2010-11ல கோப்பை. அடுத்த வருஷமும் கோப்பை, அதுவும் சென்னைக்கே வந்து தமிழ்நாட்டை வச்சு. ஆனா அந்த ஃபைனல்ல 257 அடிச்சது கனிட்கரோ சோப்ராவோ இல்ல, வினீத் சக்சேனா, ராஜஸ்தான்காரர். விருந்தாளி வந்தாரு, வீட்டுப் பையன் சாப்பிட்டான். விருந்தாளி வர்றது அதுக்குத்தான்!

கேரளாவையும் பாருங்க. ஜலஜ் சக்சேனா மத்தியப் பிரதேசம், ஆதித்ய சர்வதே விதர்பா. 2025 பிப்ரவரி கால் இறுதில கேரளா ஒரே ஒரு ரன் முன்னிலைல ஜம்மு காஷ்மீரைத் தாண்டுச்சு. 280க்கு 281. அதை எடுத்துக் குடுத்தது கடைசி விக்கெட்டை வச்சுக்கிட்டு போராடி 112 நாட் அவுட் அடிச்ச சல்மான் நிசார். அரை இறுதில குஜராத்தை ரெண்டு ரன் முன்னிலைல தாண்டினாங்க. சர்வதே பந்து, அடிச்ச அடி ஷார்ட் லெக்ல நின்ன அதே சல்மானோட ஹெல்மெட்ல பட்டு எகிறி சச்சின் பேபி கைக்குப் போச்சு. பந்து போட்டது கெஸ்ட், ஹெல்மெட் குடுத்தது உள்ளூரு, பிடிச்சது உள்ளூரு. டீம்னா இதாங்க.

இதுல நமக்கு ரெண்டு வயித்தெரிச்சல். ஒண்ணு, அந்தக் கால் இறுதில ஜம்மு காஷ்மீர் கேப்டன் யாருன்னு பாத்தா நம்ம பராஸ் டோக்ரா. ரெண்டாவது, சல்மான் நிசார் தலச்சேரிக்காரர். தலச்சேரிலருந்து நம்ம மாஹே பத்து கிலோமீட்டர் கூட இருக்காது. அந்தாண்ட இருக்கற பையன் ரஞ்சி ஃபைனல் ஆடறான். இந்தாண்ட நம்ம மாஹே பையன் எங்க இருக்கான்?

பிரச்னை நாலாவது ஆளு

மூணு பேர் கெஸ்ட்னு சொல்லிக்கிட்டு வர்றாங்க. நாலாவது ஆளு "நான் லோக்கல்"னு சொல்லிக்கிட்டு வர்றாரு. பிசிசிஐ விதிப்படி பிறப்பு மட்டும் இல்ல, ஒரு வருஷமாவது படிப்போ வேலையோ குடியிருப்போ இங்க இருந்தாலும் லோக்கல்தான். நல்ல விதி. வேலைக்கு மாத்தலாகி வந்தவரோட பையன் ஆடக்கூடாதுன்னு யாராவது சொல்வாங்களா? ஆனா ஒரு வருஷங்கறதை ஒரு காகிதம் சொல்லுதா, ஒரு வாழ்க்கை சொல்லுதாங்கறதுதான் கேள்வி.

ஏன் ஒருத்தர் இவ்ளோ மெனக்கெட்டு நம்ம ஊருக்காரர் ஆகணும்? கணக்குப் போட்டா புரியும். ரஞ்சில புதுசா ஆடறவருக்கே ஒரு நாளைக்கு 40,000 ரூபா. நாலு நாள் மேட்ச், லீக்ல ஏழு மேட்ச். கைல 11 லட்சத்து 20 ஆயிரம். அதுக்கு மேல, ஐபிஎல் அணிகளோட ஆளுங்க கண்ணுல படற வாய்ப்பு. மும்பையிலயும் டெல்லியிலயும் ஒரு இடத்துக்கு நூறு பேர் அடிச்சுக்கறாங்க. இங்க கூட்டம் கம்மி. அந்தப் பையனையும் நான் திட்ட மாட்டேன். அவனுக்கும் அப்பா அம்மா இருக்காங்க, கனவு இருக்கு.

2025 டிசம்பர்ல இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகை, போலி முகவரி, காலேஜ் அட்மிஷன் காகிதங்களை வச்சு வெளியூர் ஆளுங்க இங்க லோக்கல் ஆகறாங்கன்னு ஒரு பெரிய விசாரணைக் கட்டுரை போட்டுச்சு. சங்கம் அதை மறுத்துடுச்சு. யாரு சொல்றது சரின்னு தீர்ப்பு எழுத நான் ஜட்ஜ் இல்ல. அதே மாசம், 19 வயசுக்குட்பட்டோர் அணியோட பயிற்சியாளரை, டீமுல இடம் கிடைக்காத கோவத்துல உள்ளூர் ஆட்டக்காரங்க தாக்கினாங்கன்னு போலீஸ்ல புகார் பதிவாச்சு. கோவம் எவ்ளோ நியாயமா இருந்தாலும் சரி, பேட் பந்தை அடிக்கத்தான். ஆளை அடிச்சா அந்த நிமிஷமே நம்ம பக்கத்து நியாயம் மொத்தமும் ஓடிப்போயிடும். இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

ஆனா இந்த ரெண்டு செய்தியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ஒண்ணு தெரியுது. "டீம் எடுக்கறாங்க, அதுல நியாயம் இருக்கு"ங்கற நம்பிக்கை ஊருக்குள்ள செத்துக்கிட்டு இருக்கு. ஸ்கோர்போர்டை விட எனக்குக் கவலை இதான்.

சரி, யாருய்யா லோக்கல்?

இதை வேற ஊர்க்காரன் எழுதினா சுலபமா எழுதிடுவான். பாண்டிக்காரனுக்குக் கஷ்டம். நம்ம மாநிலமே நாலு துண்டு. மாஹே கேரளாவுக்குள்ள, ஏனாம் ஆந்திராவுக்குள்ள, காரைக்கால் நாகப்பட்டினம் பக்கம். ஏனாம்லருந்து தெலுங்கு பேசிக்கிட்டு வர்ற பையன் நமக்கு லோக்கல். முத்தியால்பேட்டையைத் தாண்டினா கோட்டக்குப்பம். தினம் நம்ம தெருவுல வந்து நம்ம பசங்களோடயே பந்து போடற பையன், ஆனா அவன் விழுப்புரம் மாவட்டம், வெளியூர்க்காரன்! மேப் போட்டவனைத்தான் கேக்கணும்.

காகிதத்தால ஊர்க்காரன் ஆகறதும் நமக்குப் புதுசு இல்லயே. 1962ல ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்போ, ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்தவங்க பிரெஞ்சு குடிமக்களா இருந்துட்டாங்க, குடுக்காதவங்க இந்தியரானாங்க. பக்கத்து பக்கத்து வீடு, ஒரே குழம்பு வாசனை, ஆனா ரெண்டு நாடு. மெடிக்கல் சீட் சமயத்துல குடியிருப்பு சான்றிதழுக்கு நடக்கற கூத்தையும் வருஷா வருஷம் பாக்கறோம். அதனால "பிறந்தவன் மட்டும்தான் லோக்கல்"னு மார்தட்டறது நம்ம ஊருக்கு ஒத்து வராது. எங்க தெருவுலயே பாதிப் பேரு தாத்தா காலத்துல எங்கருந்தோ வந்தவங்கதான், நாங்களும் சேத்து.

ஸ்பெயின்ல அத்லெடிக் பில்பாவ்னு ஒரு ஃபுட்பால் கிளப். நூறு வருஷத்துக்கும் மேல பாஸ்க் பகுதி ஆளுங்களை மட்டும்தான் எடுப்போம்னு பிடிவாதமா இருக்காங்க. இருந்தும் ஸ்பெயினோட முதல் டிவிஷன்லருந்து ஒரு தடவை கூட கீழ இறங்கினதில்ல. அவங்க வச்சிருக்கற அளவுகோல்தான் எனக்குப் பிடிச்சது. அங்க பிறந்திருக்கணும், இல்லன்னா அங்க ஆடி வளந்திருக்கணும். கானாவுலருந்து அகதியா வந்த அப்பா அம்மாவுக்குப் பிறந்த இனாக்கி வில்லியம்ஸ் அந்த டீமோட நட்சத்திரம். அவரை யாரும் காகிதம் கேக்கறதில்ல. அவரு அந்த மண்ணுல பந்து உதைச்சு வளந்ததை எல்லாரும் பாத்திருக்காங்க.

அமெரிக்காவுல இதுக்கு நேர் எதிர். அங்க காலேஜ் ஃபுட்பால்தான் மதம். லட்சம் பேர் உக்காரற ஸ்டேடியம் காலேஜுக்குச் சொந்தமா இருக்கு. பதினேழு வயசுப் பையன் எந்தக் காலேஜ்ல கையெழுத்துப் போடறான்ங்கறது நாடு முழுக்க செய்தி. 2021க்கு அப்புறம் பையனுக்கு விளம்பரக் காசும் வாங்கலாம், காலேஜ் மாறினா ஒரு வருஷம் சும்மா உக்காராம உடனே ஆடவும் செய்யலாம். பையனுங்களுக்கு அது நல்லது, காசு அவங்க உழைப்புக்குத்தான். ஆனா ரசிகன் வருஷா வருஷம் பேரையே புதுசா மனப்பாடம் பண்ணணும். நாமளும் ஏறக்குறைய அந்த நிலைமைலதான் இருக்கோம், அந்தக் காசும் ஸ்டேடியமும் மட்டும் இல்லாம!

என் கட்சி

மூணு கெஸ்ட்டை உலகத்துலயே சிறந்தவங்களாப் பாத்துக் கொண்டு வாங்க. கைதட்டறேன். மத்த எட்டு பேரும் இங்க ஆடி வளந்தவங்களா இருக்கட்டும். எங்க பிறந்தான்னு கேக்கல. பதினாறு வயசுக்குள்ள எந்த மைதானத்துல பந்து போட்டான்னு மட்டும் கேக்கறேன். கோட்டக்குப்பத்துப் பையனா இருந்தாலும், ஆறு வருஷம் நம்ம நெட்ஸ்ல வேர்வை சிந்தியிருந்தா அவன் என் பையன்தான். புதுச்சேரிலயே பிறந்து மும்பைல வளந்தவரா இருந்தா வரட்டும், கெஸ்ட்டா.

இதுக்குப் பெரிய சட்டம் எதுவும் வேணாம். டீம் அறிவிக்கும்போது ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல "16 வயசுக்குட்பட்டோர் ஆட்டத்தை எந்த ஊருக்கு, எந்த கிளப்புக்கு ஆடினார்"னு ஒரு வரி போட்டாப் போதும். யாரையும் திட்ட வேணாம், தடுக்க வேணாம். ஊரு பாத்துக்கும். ரஞ்சிக்கு மட்டும் இல்ல, 16, 19, 23 வயசு டீம்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம். பெரிய டீமுக்கு விருந்தாளி வந்தா பையன் கத்துக்குவான். பதினாறு வயசு டீமுக்கே ஆளு வெளிலருந்து வந்தா, நம்ம பையன் எங்க போய் ஆரம்பிப்பான்?

"நம்ம டீம் தேறுமா?"ன்னு கேட்டா என் பதில் இதான். நல்ல பவுலர் ஒருத்தர் வந்த வருஷம் நாம டெல்லியைக் கூட அடிப்போம். கவுரவ் யாதவ் அந்த சீசன் 41 விக்கெட் எடுத்தாரே. ஆனா வினய் குமார் 2021ல ஓய்வு அறிவிச்சுட்டாரு, டோக்ரா வேற ஊருக்குப் போயிட்டாரு. அவங்க போகும்போது அவங்க இடத்துல நிக்க ஒரு பையனை நாம தயார் பண்ணி வச்சிருந்தாத்தான் டீம் தேறுச்சுன்னு அர்த்தம். இல்லன்னா வாடகை வீட்டுக்கு டைல்ஸ் போடற கதைதான். பளபளன்னு இருக்கும், நம்மது இல்ல. துத்திப்பட்டுல நல்ல மைதானம் இருக்கு. 2024லருந்து பாண்டிச்சேரி பிரீமியர் லீக் வேற நடக்குது. அஸ்திவாரம் இல்லன்னு சொல்ல முடியாது. அதுமேல யாரு வீடு கட்டறாங்கங்கறதுதான் விஷயம்.

கடைசியா ஒண்ணு. எங்க தெருவுல ஒரு பையன், பதினாலு வயசு, இடது கை சுழல். தன்னை விட உயரமான பையைத் தூக்கிக்கிட்டு காலைல அஞ்சரைக்கு அப்பாவோட டிவிஎஸ் எக்ஸெல்ல பின்னாடி உக்காந்து போவான். அப்பா ஒரு கடைல வேலை பாக்கறாரு. இங்கிலீஷ் வில்லோ பேட் ஒண்ணு வாங்கினா அந்த மாசம் வீட்ல கறி கிடையாது. போன வாரம் அவரு என்னைத் தெருமுனைல நிறுத்திக் கேட்டாரு. "சார், நீங்க கிரிக்கெட் பத்தியெல்லாம் எழுதறீங்களாமே. இவன் நல்லாப் போட்டா இடம் குடுப்பாங்களா? இல்ல, இப்பவே படிப்புல உக்கார வச்சுடட்டுமா?"

பையன் நல்லாப் போடுவானான்னு கேட்டிருந்தா "தெரியல, உழைச்சா போடுவான்"னு சொல்லியிருப்பேன். அவரு கேட்டது அது இல்ல. நல்லாப் போட்டா இடம் குடுப்பாங்களான்னு கேட்டாரு. "குடுப்பாங்க சார், அனுப்புங்க"ன்னு பட்டுன்னு வாயில வந்திருக்கணும். வரல. ரெண்டையும் பாத்துக்கலாம், படிக்கவும் சொல்லுங்கன்னு மென்னு முழுங்கிட்டு வந்துட்டேன்.

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. அவருகிட்ட இன்னும் சரியான பதில் சொல்லாம, நான் மாத்து ரோட்டுல போய்க்கிட்டு இருக்கேன்.

பி.கு: "உங்க ஊருல சரக்கு..."ன்னு ஆரம்பிக்கற பின்னூட்டம் வெளியிடப்பட மாட்டாது :-)